பறக்காத மணிகளுக்கு யார் பொறுப்பு? விமானப் பயிற்சிப் பள்ளிகளின் விதிமீறலும் பட்டியல் சமூக மாணவர்களின் இழப்பும்

போத்தனூர் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய ஒரு தெருவிலிருந்து சென்ற ஆண்டு ஒரு குடும்பம் எங்களைத் தேடி வந்தது. அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். தந்தை மாநகராட்சித் துப்புரவுப் பணியில் 30 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வட மாநிலம் ஒன்றில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 26 மாதங்கள் ஆகியிருந்தன. 18 மாதங்களில் 200 மணிநேரப் பறப்பு முடியும் என்று பள்ளியின் ஒப்பந்தம் சொன்னது. மகனின் பறப்புப் பதிவேட்டிலோ 71 மணிநேரமே இருந்தது. ஓய்வூதியப் பணம், தாயின் நகை, வீட்டை ஈடு வைத்து வாங்கிய வங்கிக் கடன் எல்லாமாகச் சேர்ந்து 38 லட்சம் ரூபாய் பள்ளிக்குப் போயிருந்தது.

அவர்கள் கேட்ட கேள்வி பணத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. "ஏனுங்க, மீதி மணியை எழுதித் தந்தர்றோம், கையெழுத்து மட்டும் போடுங்கறாங்களாம். பையன் போடலாமுங்களா?" என்று தந்தை கேட்டார்.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான விடை. விமானி ஆவதற்குச் சட்டம் என்ன கேட்கிறது, பள்ளிகள் எங்கே தவறுகின்றன, அத்தவறின் சுமை ஏன் மாணவர் தலையில் விழுகிறது, பட்டியல் சமூகக் குடும்பங்களுக்கு அச்சுமை ஏன் பன்மடங்காகிறது, மீள்வதற்கு என்ன வழிகள் உள்ளன என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விளக்க முயல்கிறோம்.

200 மணிநேரம் என்பதன் பொருள்

இந்தியாவில் விமானப் பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒப்புதல் வழங்குவதும், அவற்றைத் தணிக்கை செய்வதும், விமானிகளுக்கு உரிமம் வழங்குவதும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமே. சுருக்கமாக டிஜிசிஏ. 1934-ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்துக்கு மாற்றாக, 'பாரதிய வாயுயான் அதிநியம்' என்று தமிழருக்குப் பெயரே புரியாத ஒரு சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும் உரிமம் தொடர்பான அன்றாட நடைமுறைகள் 1937-ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளைச் சார்ந்தே வளர்ந்தவை.

அவ்விதிகளின் இரண்டாம் அட்டவணைப்படி, வணிக விமானி உரிமம் கோருபவர் 18 வயது நிறைந்தவராகவும், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியவராகவும், முதல் வகுப்பு மருத்துவத் தகுதி பெற்றவராகவும் இருக்க வேண்டும். வான்வழி நடத்தல், வானிலையியல், வான் போக்குவரத்து விதிகள், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகளில் தேற வேண்டும். இவற்றுக்கு மேல் 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணிநேரம் தானே பொறுப்பேற்று ஓட்டியதாகவும், 20 மணிநேரம் ஊர் விட்டு ஊர் சென்றதாகவும், 10 மணிநேரம் கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டியதாகவும், 5 மணிநேரம் இரவில் பறந்ததாகவும் அமைய வேண்டும்.

இந்த மணிநேரங்களுக்குக் காலக்கெடுவும் உண்டு. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் பறந்தவையே கணக்கில் வரும். அவற்றில் 15 மணிநேரமாவது கடைசி ஆறு மாதங்களுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். மருத்துவச் சான்றையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொறியியல் கல்லூரி ஒன்று ஓராண்டு மூடப்பட்டால் மாணவர் அடுத்த ஆண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விமானப் பயிற்சியில் அப்படி இயலாது. பள்ளி முடங்கிக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் மாணவர் முன்பு பறந்த மணிநேரத்தைப் பழையதாக்குகிறது. பழையதானதை மீண்டும் காசு கொடுத்துப் பறக்க வேண்டும்.

விதிமீறல்கள் எவ்வாறு நிகழ்கின்றன

விதிமீறல் என்றதும் விபத்தே நினைவுக்கு வருகிறது. உண்மையில் பெரும்பாலான மீறல்கள் தாளில் நிகழ்பவை. எங்களிடம் வந்த ஆவணங்களிலிருந்தும் பொதுவெளியில் உள்ள செய்திகளிலிருந்தும் அவற்றை நான்காக வகுக்கிறோம்.

முதலாவது, தாங்கும் அளவுக்கு மேல் மாணவர்களைச் சேர்ப்பது. ஒரு பயிற்சி விமானம் குறிப்பிட்ட மணிநேரம் பறந்ததும் பராமரிப்புக்குச் செல்ல வேண்டும். மழை, மூடுபனி, ஓடுதளத்தில் நெரிசல் இவற்றையும் கழித்துவிட்டால் ஒரு விமானம் ஓராண்டில் எத்தனை மாணவர்களுக்குப் போதும் என்பதைப் பள்ளி நடத்துபவர் எளிதில் கணக்கிடலாம். அக்கணக்கைப் பார்க்காமல் கட்டணத்தை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டு, பறக்கும் முறைக்காக மாணவரை மாதக்கணக்கில் விடுதியில் காத்திருக்க வைப்பதுதான் மிகப் பரவலான மீறல்.

இரண்டாவது, பயிற்றுநர் இல்லாமை. டிஜிசிஏ ஏற்ற தலைமைப் பயிற்றுநர் இல்லாமல் எந்தப் பள்ளியும் பறப்புப் பயிற்சி நடத்த முடியாது. அவர் விலகிச் சென்றுவிட்டால் பயிற்சி நின்றுவிடும். எங்கள் போத்தனூர் மாணவரின் பள்ளியில் இதுவே முதலில் நிகழ்ந்தது.

மூன்றாவது, பாதுகாப்புக் குறைபாடு. 2022-ஆம் ஆண்டு டிஜிசிஏ நாடு முழுவதும் பயிற்சிப் பள்ளிகளில் சிறப்புத் தணிக்கை நடத்தியது. சேதமுற்ற ஓடுதளம், சரிவரப் பேணாத காற்றுத்திசைப் பை, எரிபொருளில் மாசு உள்ளதா என்று சோதிக்காமை, பறக்கும் முன் மது அருந்தவில்லை என்பதை உறுதி செய்யும் மூச்சுச் சோதனை எடுக்காமை போன்ற குறைகள் அதில் வெளிவந்தன. பறப்பு நேரத்தைத் தவறாகப் பதிந்ததும் அப்பட்டியலில் இருந்தது. 2023 அக்டோபரில் ரெட்பேர்டு விமானப் பயிற்சி அகாதமியின் விமானங்கள் மராட்டிய மாநிலம் பாராமதியில் நான்கு நாள்களுக்குள் இருமுறை விபத்துக்குள்ளாயின. ஆறு மாதங்களில் ஐந்து விபத்துகள் என்ற நிலையில், அந்நிறுவனத்தின் ஐந்து தளங்களிலும் பயிற்சியை டிஜிசிஏ நிறுத்தி வைத்தது. அந்த ஆணை பாதுகாப்பின் பொருட்டு எடுக்கப்பட்டது, அது சரியே. ஆனால் ஐந்து தளங்களிலும் பணம் கட்டிக் காத்திருந்த மாணவர்களின் நாள்களும் அதே ஆணையால் நின்றுபோயின.

நான்காவது, பொய்க் கணக்கு. பறப்பு நேரம் என்பது, மேலெழும் நோக்கத்துடன் விமானம் தன் ஆற்றலால் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, பறப்பு முடிந்து ஓய்ந்து நிற்கும் நொடி வரை. நின்ற இடத்தில் இயந்திரத்தை ஓடவிட்டு அதைப் பறந்ததாக எழுதுவது, ஒருவர் பறந்ததை இருவர் கணக்கில் ஏற்றுவது, பறக்கவே பறக்காததைப் பேனாவால் பறப்பது எனப் பல வகைகள் உண்டு. 2011-இல் இந்த நோயின் ஆழத்தை நாடு கண்டது. போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் பெற்ற விமானிகள் அவ்வாண்டு மார்ச் மாதம் பிடிபட்டனர். ராஜஸ்தான் மாநில ஊழல் தடுப்புப் பிரிவு, பறக்காத மணிநேரத்தைப் பறந்ததாகக் காட்டிய வழக்குகளை வெளிக்கொணர்ந்தது. டிஜிசிஏ அதிகாரி ஒருவரும் கைதானார். ஆயிரக்கணக்கான உரிமங்களை மறு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று.

இத்தனைக்குப் பிறகு, 2025 அக்டோபர் 1 முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் முறையை டிஜிசிஏ கொண்டுவந்தது. முதல் பட்டியலில் 35 பள்ளிகள் இடம்பெற்றன. 'ஏ பிளஸ்' தரத்திலும் 'ஏ' தரத்திலும் ஒரு பள்ளிகூட இல்லை. 13 பள்ளிகள் 'பி' தரம். 22 பள்ளிகள் 'சி' தரம். 'சி' என்பது நூற்றுக்கு ஐம்பதைக்கூட எட்டாத தரம். ஒன்றிய அரசின் சொந்த நிறுவனமான இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாதமியும் அதில்தான் இருந்தது. ஒரு துறையின் பெரும்பகுதி தேர்ச்சி மதிப்பெண்ணுக்குக் கீழே உள்ளது என்று ஒழுங்குமுறை அமைப்பே அறிவித்திருக்கிறது. அப்பள்ளிகள் அரை கோடி ரூபாய் வரை கட்டணம் வாங்குகின்றன.

இது தொலைவில் உள்ள சிக்கல் என்று கொங்கு வட்டாரத்தார் எண்ண வேண்டியதில்லை. 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் புதிய பயிற்சிப் பள்ளிகளுக்கு இடம் ஒதுக்கிய ஐந்து விமான நிலையங்களுள் சேலமும் ஒன்று. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து புறப்பட்ட பயிற்சி விமானம் ஒன்று திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் அவசரமாக இறக்கப்பட்டது. நல்வாய்ப்பாக அதிலிருந்த இருவரும் உயிர் தப்பினர். 2023 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மாவட்டத்தில் விழுந்த பயிற்சி விமானத்தில் பயிற்றுநரும் மாணவியும் உயிரிழந்தனர். பராமரிப்பிலும் பயிற்சியிலும் எந்தச் சலுகையும் ஏன் கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தண்டனை யாருக்கு?

பள்ளி விதியை மீறினால் என்ன ஆகும்? டிஜிசிஏ விளக்கம் கேட்கும், பயிற்சியை நிறுத்தி வைக்கும், அபராதம் விதிக்கும், கடுமையான நேர்வுகளில் ஒப்புதலைத் திரும்பப் பெறும். குறைகள் களையப்பட்டதும் பள்ளி மீண்டும் திறக்கும். இந்த ஏற்பாட்டில் மாணவர் கட்டிய பணத்துக்கும் இழந்த காலத்துக்கும் இடமே இல்லை. டிஜிசிஏ பாதுகாப்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. கட்டணத்தைத் திருப்பித் தரச் செய்வது தன் வேலையன்று என்பதே அதன் வழக்கமான நிலைப்பாடு.

மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் தமிழ்நாட்டில் கட்டண நிர்ணயக் குழு உள்ளது. ஒரு மருத்துவக் கல்லூரி மூடப்பட்டால் மாணவர்களை வேறு கல்லூரிகளுக்குப் பகிர்ந்தளித்த முன்னுதாரணங்கள் உள்ளன. விமானப் பயிற்சிப் பள்ளி இந்த இரு பாதுகாப்புகளுக்கும் வெளியே நிற்கிறது. மாணவரே வேறு பள்ளியைத் தேடி, புதிதாகக் கட்டணம் கட்டி, பழைய பள்ளியிடம் சான்றளித்த பறப்புப் பதிவுகளைக் கெஞ்சி வாங்கிச் செல்ல வேண்டும். பழைய பள்ளி அப்பதிவுகளைத் தர மறுத்தால் பறந்த மணிநேரமும் பயனற்றதாகிறது.

பொய்க் கணக்கில் நிலைமை இன்னும் மோசம். பறப்புப் பதிவேடு மாணவரின் பெயரில் உள்ள ஆவணம்; அதில் கையெழுத்திடுபவர் மாணவர். தவறான தகவலைக் கொடுத்தோ உண்மையை மறைத்தோ பெற்ற உரிமத்தை நிறுத்தி வைக்கவும் நீக்கவும் வானூர்தி விதிகளின் 19-ஆம் விதி அதிகாரம் தருகிறது. அதனுடன் போலி ஆவணத்தை உண்மையானதாகப் பயன்படுத்திய குற்றமும் சேரும். ஒரு விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு, எரிபொருள் கணக்கு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பதிவு ஆகியவற்றை மாணவரின் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பொய் ஒரே நாளில் வெளியாகிவிடும். அந்த ஒப்பீடு இன்று நடக்கலாம். பத்து ஆண்டுகள் கழித்து, அவர் பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் நடக்கலாம். அப்போது பள்ளி தன்னிடம் இருந்த ஒரு பயிற்றுநரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடும். மாணவரின் வாழ்க்கைதான் அங்கேயே நிற்கும்.

ஆகவே அந்தத் தந்தைக்கு நாங்கள் சொன்ன முதல் விடை: கையெழுத்திடக் கூடாது. அந்தக் கையெழுத்து, பள்ளியின் குற்றத்தை உங்கள் மகனின் குற்றமாக மாற்றி எழுதிக்கொள்வதற்கான கையெழுத்து. அதற்கும் மேலாக, 129 மணிநேரம் பறக்காத ஒருவரின் பின்னால் ஒருநாள் நூற்றெண்பது பேர் அமர்வார்கள்.

சுமை ஏன் சமமாக விழுவதில்லை

பள்ளி முடங்கினால் எல்லா மாணவருக்கும் இழப்புதானே, இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கப்படுகிறது. இழப்பைத் தாங்கும் வலிமையில் சாதி இருக்கிறது.

முதலில் அரசின் உதவியைப் பார்ப்போம். பட்டியல் சாதி மாணவருக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையில் வணிக விமானி பயிற்சியும் உண்டு. 2010-ஆம் ஆண்டின் விதிகள் மணிக்கு 5,000 ரூபாய் வீதம் 200 மணிநேரத்துக்கு, அதாவது மொத்தம் 10 லட்சம் ரூபாய் பறப்புக் கட்டணமாக அனுமதித்தன. நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 20 பேர் என்பதே வரம்பு. 'உயர்தரக் கல்வி' உதவித் திட்டத்தில் தனியார் பறப்புக் கழகங்களுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைக்கப்பட்டது. இன்று ஓர் இந்தியப் பள்ளியில் பயிற்சி முடிக்க ஏறத்தாழ 40 முதல் 60 லட்சம் ரூபாய் ஆகிறது. உரிமம் பெற்ற பின் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சிக்கு மேலும் பல லட்சம் வேண்டும். இடைவெளியை நிரப்பக் குடும்பம் வங்கிக்குத்தான் செல்ல வேண்டும்.

வங்கியில் என்ன நடக்கிறது? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் டிஜிசிஏ ஒப்புதல் பெற்ற விமானி பயிற்சியும் அடங்கும். ஆனால் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் வேண்டுமானால் சொத்து ஈடு தேவை. தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்ட சமூகத்திடம் ஈடு என்று கேட்கப்படுவது பெரும்பாலும் குடியிருக்கும் ஒரே வீடுதான். நிபந்தனைப் பட்டா நிலமாக இருந்தால் அதையும் ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. நான்கு வீடு உள்ளவர் ஒன்றை ஈடு வைப்பதும், ஒரே வீடு உள்ளவர் அதையே ஈடு வைப்பதும் கடன் படிவத்தில் ஒரே வரியாகத்தான் பதிவாகின்றன.

பள்ளியின் தாமதம் இங்கே நேரடியாக வீட்டைத் தொடுகிறது. கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை விலக்கு உண்டு. 18 மாதப் பயிற்சி என்று கடன் பெற்றவருக்கு 30-ஆவது மாதம் முடிந்ததும் தவணை தொடங்கிவிடும். பள்ளி மூடிக் கிடந்ததா, விமானம் பழுதாகி நின்றதா என்பது வங்கியின் கணினிக்குத் தெரியாது. தவணை தவறினால் சர்ஃபேசி சட்டப்படி அறிவிப்பு வரும். வான் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட ஒரு நடவடிக்கை, ஈராண்டு கழித்துப் போத்தனூரில் ஒரு வீட்டின் கதவில் ஒட்டப்படும் நோட்டீசாக வந்து சேர்கிறது.

இரண்டாவது, தகவல். எந்தப் பள்ளியில் உண்மையில் விமானம் பறக்கிறது, எங்கே காத்திருக்க வைக்கிறார்கள் என்பதெல்லாம் விமானிகள் உள்ள குடும்பங்களில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவருக்கு அத்தகவலைத் தருவது பள்ளியின் விளம்பரமும் சேர்த்துவிடும் முகவரும்தான். முகவர் தன் தரகைப் பள்ளியிடமிருந்து வாங்குகிறார்.

மூன்றாவது, இடஒதுக்கீடு இல்லாமை. உரான் அகாதமியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கு இடஒதுக்கீடு உண்டு. அங்கும் கட்டணம் ஏறத்தாழ 45 லட்சம் ரூபாய். தனியார் பள்ளிகளில் இடஒதுக்கீடே இல்லை. தமிழ்நாட்டின் 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் விமான ஓடுதளத்தின் வேலிக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தனியார் கல்வி நிறுவனங்களிலும் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசமைப்புச் சட்டத்தின் 15(5) உறுப்பு வழிவகுக்கிறது. அதை விமானப் பயிற்சிக்குப் பயன்படுத்த எந்த அரசும் இதுவரை முனையவில்லை.

உரிமம் பெற்று வேலைக்குச் சென்ற பின்னும் கதை முடிவதில்லை. 2025 ஜூனில், இண்டிகோ நிறுவனத்தில் பயிற்சி விமானியாக இருந்த ஆதிதிராவிடர் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர், மேலதிகாரிகள் தன்னைச் சாதி சொல்லி இழிவுபடுத்தியதாகவும், செருப்புத் தைக்கப் போகுமாறு கூறியதாகவும் புகார் அளித்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்துள்ளது. உண்மையைச் சட்டம் தீர்மானிக்கட்டும். ஆனால், 'இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள்' என்று கேட்கக் காத்திருக்கும் ஒரு துறையில், பட்டியல் சமூக விமானி ஒருவரின் பதிவேட்டில் ஒரே ஒரு பொய் மணிநேரம் கண்டறியப்பட்டால், அது அவர் ஒருவரின் தவறாகப் பேசப்படாது என்பதை நாங்கள் அறிவோம்.

சட்டம் திறந்து வைத்துள்ள வழிகள்

ஆவணமே முதல் ஆயுதம். ஒப்பந்தம், கட்டண ரசீதுகள், முகவருடன் நடந்த வாட்ஸ்ஆப் உரையாடல், விளம்பரக் கையேடு ஆகிய அனைத்தையும் சேமிக்க வேண்டும். பறப்புப் பதிவேட்டை மாதந்தோறும் பயிற்றுநரிடம் சான்றொப்பம் பெற்று ஒளிப்படம் எடுத்து வைக்க வேண்டும். பறக்காத நாள்களையும், பள்ளி சொன்ன காரணத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். நீதிமன்றத்தில் தாமதத்தை நிறுவப்போவது அந்தக் குறிப்பேடுதான்.

அடுத்தது வங்கி. குறித்த காலத்தில் படிப்பு முடியாவிட்டால் அதிகபட்சம் ஈராண்டு வரை கால நீட்டிப்பு தர மாதிரிக் கடன் திட்டத்தில் இடமுண்டு. தவணை தொடங்கும் முன்பே, பள்ளியின் தாமதத்துக்கான சான்றை இணைத்து எழுத்து மூலம் கேட்க வேண்டும். தவணை தவறிய பின் கேட்டால் அது சலுகை வேண்டுதலாகக் குறுகிவிடும்.

மூன்றாவது டிஜிசிஏ. புகாரை எழுத்து மூலம் தலைமையகத்துக்கும் உரிய மண்டல அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். தென் மண்டல அலுவலகம் சென்னையில் உள்ளது. பள்ளியின் ஒப்புதல் நிலை, தணிக்கையில் கண்ட குறைகள், எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். புகாரின் மீது இயக்குநரகம் அசையாவிட்டால், அதன் சட்டக் கடமையைச் செய்யுமாறு ஆணையிடக் கோரி 226-ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

நான்காவது நுகர்வோர் ஆணையம். இங்கே சட்டம் ஒரே குரலில் பேசவில்லை என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்வி விற்பனைப் பொருளன்று என்று உச்ச நீதிமன்றம் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் 2010-இல் கூறியது. தொழிற்கல்வி உட்படக் கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வாரா என்று தேசிய ஆணையத்தின் பேரமர்வு 2020-இல் மனு சோலங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அதே பேரமர்வு பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றும் கூறியுள்ளது. அதற்கு முன் 2009-இல் புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி வழக்கில், இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாக விளம்பரம் செய்து மாணவர்களின் காலத்தை வீணாக்கியது சேவைக் குறைபாடே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விமானப் பயிற்சிப் பள்ளி பட்டம் வழங்குவதில்லை. பல்கலைக்கழகத்துடன் இணைந்ததும் இல்லை. மணிக் கணக்கில் விமானத்தையும் பயிற்றுநரையும் கட்டணத்துக்குத் தருகிறது. ஆகவே அது பயிற்சி மையத்துக்கு நெருக்கமானது என்பதே எங்கள் வாதம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பெரும் வசதியைத் தந்துள்ளது. பள்ளி எந்த மாநிலத்தில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். போத்தனூர்க்காரர் மத்தியப் பிரதேசத்துக்கு ரயிலேற வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலேயே மனு கொடுக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து ஈராண்டுக்குள் கொடுக்க வேண்டும். 'அடுத்த மாதம் பறக்கலாம்' என்ற வாய்மொழி உறுதியை நம்பி இந்த ஈராண்டைத் தொலைத்தவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஐந்தாவது குற்றவியல் வழி. விமானமோ பயிற்றுநரோ இல்லை என்று தெரிந்தே பணம் வாங்கியிருந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் ஏமாற்றுதல். பொய்ப் பதிவுக்கு வற்புறுத்தினால் அதையும் புகாரில் சேர்க்க வேண்டும். சாதி சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு பொருந்தும். பணமோசடிக்கு மட்டும் அச்சட்டத்தை இழுப்பது வழக்கைப் பலவீனமாக்கும். உதவித்தொகை மறுப்பு, தாமதம், பாகுபாடு ஆகியவற்றுக்குத் தேசியப் பட்டியல் சாதியினர் ஆணையத்தை அணுகலாம். அதற்கு 338-ஆம் உறுப்பின்கீழ் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய விசாரணை அதிகாரங்கள் உண்டு.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உள்ளது. கோவை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

நாங்கள் கோருபவை

தனிமனிதர் வழக்குகளால் மட்டும் இது தீராது. கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டி வாங்குவதைத் தடைசெய்து, பறந்த மணிநேரத்துக்கேற்ப வாங்கும் முறையைக் கட்டாயமாக்க வேண்டும். ஒப்புதல் பெறும் பள்ளியிடம் பிணைத்தொகை பெற்று, பயிற்சி நிறுத்தப்பட்டால் அதிலிருந்து மாணவருக்குத் திருப்பித் தர வேண்டும். நிறுத்தி வைக்கும் ஆணையிலேயே, மாணவர்களை எந்தப் பள்ளிக்கு மாற்றுவது, பதிவுகளை எத்தனை நாள்களில் ஒப்படைப்பது, உரிமத்துக்கான காலக்கெடுவை எவ்வளவு நீட்டிப்பது என்பவை இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் எத்தனை மாணவர், எத்தனை பறக்கும் நிலையிலுள்ள விமானங்கள், உரிமம் பெற ஒருவருக்கு ஆகும் சராசரி மாதங்கள் ஆகிய மூன்று எண்களையும் டிஜிசிஏ மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

ஒன்றிய, மாநில அரசுகள் உதவித்தொகையை உண்மையான கட்டணத்துக்கு இணையாக உயர்த்த வேண்டும். அத்தொகையைத் தரத்தில் தேறிய பள்ளிகளுக்கு மட்டுமே, பறந்த மணிநேரத்தைச் சரிபார்த்த பின்னரே விடுவிக்க வேண்டும். பட்டியல் சமூக மாணவரின் விமானி பயிற்சிக் கடனுக்கு அரசே உத்தரவாதம் அளித்துச் சொத்து ஈட்டிலிருந்து விலக்களிக்க வேண்டும். அரசு நிலத்திலும் அரசு விமான நிலையத்திலும் ஓடுதளத்தைப் பயன்படுத்தும் பள்ளியிடம் இடஒதுக்கீட்டை நிபந்தனையாக வைப்பதற்கு எந்தத் தடையும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

போத்தனூர் மாணவர் கையெழுத்திடவில்லை. எங்கள் அறிவிப்புக்குப் பிறகு, 71 மணிநேரத்துக்கான சான்றளித்த பதிவுகளைப் பள்ளி தந்தது. வங்கி ஓராண்டு நீட்டிப்புத் தந்துள்ளது. கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் மனு கோவை மாவட்ட ஆணையத்தின் முன் உள்ளது. அவர் முதன்முதலாகப் பறந்த மணிநேரம் காலாவதியாக இன்னும் இரண்டரை ஆண்டுகள் உள்ளன. அதற்குள் வேறொரு பள்ளியில் 129 மணிநேரத்தையும் அவர் முடித்தாக வேண்டும். இப்போது பீளமேட்டில் ஒரு கிடங்கில் வேலை செய்துகொண்டு அதற்கான பணத்தைச் சேர்க்கிறார். மீதமுள்ள எழுத்துத் தேர்வுக்கு இரவில் படிக்கிறார். பதிவேட்டில் உள்ள 71 மணிநேரமும் அவர் உண்மையில் பறந்தவை.